வாய்க்கால் மீனை ஓவனில் சுடுவது: கொங்கு வீட்டு ராச்சாப்பாட்டுக்கு முழு வழிகாட்டி

கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் திறக்கும் நஞ்சைத் தண்ணீர், 120 நாள் கணக்கு முடிந்து டிசம்பர் நடுவில் நிற்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு வருவதும் அப்போதுதான். ஓட்டம் நின்ற வாய்க்காலில் மதகடியிலும் பாலத்தடியிலும் குழிகுழியாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். தூண்டிலும் மண்புழு டப்பாவுமாகக் காலையில் கிளம்பும் மாமாவும் பிள்ளைகளும் பதினோரு மணிக்கு நாலைந்து ஜிலேபி மீனோடு திரும்புவார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பது இது.

அந்த மீனில் பாதி குழம்புக்குப் போகும். மீதியை ஓவனில் சுடுவோம். காலையில் உயிரோடு இருந்த மீனுக்கு எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம், கனத்த மசாலாவும் வேண்டாம். அதன் சொந்த ருசியே நாக்குக்குத் தெரிய வேண்டும். ஓவனில் சுடுவது இந்தச் சமையலில் கடைசி அரை மணி நேர வேலைதான். ருசியை முடிவு செய்வது அதற்கு முந்தைய வேலைகள். அதனால் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தத் தண்ணீர் மீன்

தண்ணீர் ஓடும்போது வாய்க்காலுக்குள் இறங்கவே கூடாது. வெளியே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு பெரிய ஆளையே கொண்டுபோய்விடும். ஓட்டம் நின்ற பிறகும் குழிகளில் ஆழம் தெரியாது, பிள்ளைகள் கரையில் உட்கார்ந்தே தூண்டில் போடட்டும். பவானிசாகர், மேட்டூர் போன்ற அணைகளில் மீன்பிடி உரிமை உள்ளவர்கள்தான் பிடிக்கலாம். அங்கே போனால் விற்கும் இடத்தில் அன்றைய மீனாகக் கேட்டு வாங்குங்கள், அதுவும் நல்ல மீன்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்று மீனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கிய கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாக்கடை கலக்கும் ஊர்க்குளத்து மீனும் அப்படித்தான். எவ்வளவு கழுவினாலும் சதைக்குள் சேர்ந்தது போகாது.

பிடித்ததும் செய்ய வேண்டியது

சில வருஷம் முன்பு ஒரு சித்திரை மாதம், மாமா தோட்டத்துக் கிணற்றில் பிடித்த மீனைப் பாலித்தீன் பையில் கட்டி, வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்தோம். வழியில் ஒரு விருந்தாளி வீட்டில் பேச்சு நீண்டு ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து கத்தியை வைத்தால் வயிற்றுப் பக்கம் கூழாக இருந்தது. செத்த பிறகும் குடலில் உள்ள செரிமான நீர் வேலை செய்துகொண்டே இருக்கும், சூட்டில் வயிற்றுச் சதையையே அது கரைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாலு மீனில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. மீன் கரைக்கு வந்ததும் தலையில் ஓர் அடி, உடனே உயிர் போய்விட வேண்டும். துள்ளித் துள்ளிச் சாகும் மீனின் சதை சீக்கிரம் தளரும். அப்புறம் செவுளுக்குக் கீழே தொண்டையில் ஒரு வெட்டு, தலைகீழாக ஒரு வாளித் தண்ணீரில் அஞ்சு பத்து நிமிஷம். ரத்தம் வடிந்துவிடும். வடியாத ரத்தம்தான் பின்னால் கவுச்சியாக அடிக்கும். பிறகு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ், மீன், மேலே மறுபடி ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கிடைக்கவில்லையென்றால் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும்.

காலையில் பிடித்ததை ராத்திரிக்குச் சமைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. செத்துக் கொஞ்ச நேரத்தில் மீன் கட்டைபோல விறைக்கும். அந்த நேரத்தில் சூட்டில் வைத்தால் சதை சுருங்கி, மீன் வளைந்து, தோல் கிழியும். சுத்தம் செய்து, விறைப்பு தளரும்வரை ஐஸிலோ ஃபிரிட்ஜிலோ ஆற விட்டால் நன்றாக வேகும்.

சுடுவதற்கு எந்த மீன்

ஜிலேபிதான் என் முதல் தேர்வு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இன்றைக்கு நம் கிணறு, குளம், வாய்க்கால் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாட்டு மீனை ஒடுக்கிவிட்டது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சதைக்குள் பொடிமுள் கிடையாது, நடுமுள்ளை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். அரை கிலோவுக்கு மேல் இருந்தால் முழுசாகச் சுட அவ்வளவு பொருத்தம்.

கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள், இங்கே அணைகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் விட்டு வளர்ப்பவை. ருசியான சதைதான், ஆனால் இரட்டைப் பிரிவாக ஓடும் பொடிமுள் நிறைய. ஒன்றரை அங்குலத் துண்டாகப் போட்டுச் சுடுங்கள். விரால் கிடைத்தால் யோசிக்காதீர்கள், இருப்பதிலேயே உறுதியான சதை அதற்குத்தான். அயிரையும் சின்னக் கெண்டையும் குழம்புக்கே. ஓவனில் வைத்தால் காய்ந்துவிடும்.

சுத்தம் செய்வது

வீட்டில் அதிக நேரம் இதற்குத்தான் ஆகும். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இருந்தவரைக்கும் இந்த வேலையை யாருக்கும் விடமாட்டார். புறக்கடையில் முக்காலியைப் போட்டு, அரிவாள்மனையை வைத்து உட்கார்ந்துகொள்வார். முதலில் கைவிரலால் செவுள் மூடியைத் தூக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாரு கண்ணு, செம்பருத்திப்பூ மாதிரி இருக்குதா? இருந்தாத்தான் கைய வைக்கோணும்." கண் வெளியே பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், அமுக்கினால் விரல் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். வீட்டு ஆள் பிடித்த மீன்தானே என்று பார்க்காமல் விடாதீர்கள். வழியில் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்பது மீனைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் வேலை முதுகுத் துடுப்பைக் கத்தரிப்பது. ஜிலேபியின் முதுகு முள் குத்தினால் ரெண்டு நாள் கடுக்கும். கெளுத்தி முள்ளில் விஷமும் உண்டு. குத்திவிட்டால் முள் ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள், வலி குறையும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது செதில். வாலிலிருந்து தலையை நோக்கிக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீருக்குள் மீனை அமுக்கிப் பிடித்துச் சுரண்டினால் செதில் வீடெல்லாம் தெறிக்காது. செதில் இல்லாத கெளுத்தியாக இருந்தால் கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வழவழப்பு போகும்வரை கருங்கல்லில் உரசுங்கள்.

வயிற்றைக் கீழ்த் துவாரத்திலிருந்து தொண்டை வரைக்கும் கீறுங்கள். கத்தி முனை மட்டும் போனால் போதும். ஆழமாகப் போனால் பித்தப்பை உடையும். ஈரலுக்குப் பக்கத்தில் பச்சையாகத் தெரிவதுதான் பித்தப்பை. உடைந்தால் பச்சை நீர் பட்ட சதையை உடனே கழுவி, கசப்பு ஏறிய இடத்தை வெட்டி எறியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீன் பித்தம் உடம்புக்கு நல்லது என்று பச்சையாக விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரோகு வகை மீன்களின் பித்தத்தை விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

குடல் வெளியே வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து எழுந்துவிடுவோம். ஜிலேபியின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள், உள்சுவரில் கறுப்பாகப் பட்டுத்துணி போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். சொரசொரப்பான துணியை விரலில் சுற்றிக்கொண்டு உரித்தால் சுருள் சுருளாக வரும், அடியில் வெள்ளைச் சதை பளிச்சென்று தெரியும். நடுமுள்ளை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புக் கோடு ஓடும். அதை நகத்தால் கீறிவிட்டுக் கழுவினால் உறைந்த ரத்தம் கரைந்து வரும். செவுளையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். இந்த மூன்றும் போனால் முக்கால்வாசிக் கவுச்சி போய்விடும்.

மண்வாடை

நல்ல தண்ணீர் மீன் பிடிக்காது என்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை இதுதான். கடல் மீனில் இது வராது. இதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழுகிறதே, அந்த வாசத்துக்கும் இதுதான் காரணம். தேங்கின தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்கும். மீன் செவுள் வழியாக உள்ளே இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் வயிற்றுப் பக்கத்திலும் தோலுக்கடியில் உள்ள கருஞ்சதையிலும் வாடை அதிகம்.

புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் வாடை மட்டுப்படும். நம் பெரியவர்கள் புளித்தண்ணீரில் மீனை அலசினது இதற்குத்தான். ஒரு நெல்லிக்காய் அளவு புளியை ரெண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, மீனைப் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சதை வெளுத்து வறண்டுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு மசாலா தடவினால் ஒட்டாது.

சொந்தப் பண்ணைக்குட்டை இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சாப்பிடப் போகிற மீனை உயிரோடு எடுத்து, சுத்தமான கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் தீனி போடாமல் மூன்று நாலு நாள் விட்டுவிடுங்கள். தண்ணீரையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்த வாடையை மீனே மெல்ல வெளியே விட்டுவிடும்.

மசாலா

தலா 600 கிராம் உள்ள ரெண்டு ஜிலேபிக்கு, அதாவது நாலு பேருக்கான அளவு சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டி மல்லி, ரெண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நாலு வரமிளகாய். இவற்றை எண்ணெய் இல்லாத சட்டியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆற விடுங்கள். எட்டுப் பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரவென்று அரையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெங்காயத்தின் ஈரமே போதும். கடைசியில் மூன்று மேசைக்கரண்டி செக்குக் கடலையெண்ணெய்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்தில் இருந்துகொண்டு பாக்கெட் மஞ்சள்தூள் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழங்கு வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துப் பாருங்கள், அரைத் தேக்கரண்டிக்கே அந்த வாசமும் நிறமும் வரும்.

மீனின் ரெண்டு பக்கமும் முள்ளைத் தொடும் ஆழத்துக்கு மூன்று மூன்று கீறல் போடுங்கள். கீறலுக்குள் விரலால் மசாலாவை அழுத்துங்கள், வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் தடவுங்கள். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கிள்ளிப் போட்டு வயிற்றுக்குள் அடையுங்கள். தேங்காயை மேலே தூவாதீர்கள், மீன் வேகும் முன்பே அது கருகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

வாழையிலையும் ஓவனும்

இலையைத் தணலிலோ கேஸ் அடுப்பிலோ நாலு பக்கமும் காட்டுங்கள். மங்கலாக இருந்த பச்சை, சூடு படும் இடத்தில் சட்டென்று எண்ணெய் தடவினது போலக் கரும்பச்சையாகப் பளபளக்கும். அந்த நிறம் இலை முழுக்க ஓடி முடித்தால் போதும், பிறகு எப்படி மடித்தாலும் கிழியாது. நடுத்தண்டைச் சீவிவிட்டு, இலை நடுவில் வட்டமாக நறுக்கின தக்காளியும் வெங்காயமும் பரப்பி, அதன்மேல் மீனை வைத்து மடித்து, வாழை நாரால் கட்டுங்கள். இலையே மீனுக்கு மூடி. உள்ளே அதன் சாறிலேயே மீன் வேகும்.

ஓவனை 200 டிகிரியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி ரெண்டும் எரிய 15 நிமிஷம் சூடாக விடுங்கள். மேசைமேல் வைக்கும் சின்ன ஓ.டி.ஜி. மின்சார அடுப்புகளில் விளக்கு அணைந்ததுமே சூடாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், இன்னும் அஞ்சு நிமிஷம் விடுங்கள். ட்ரே நடுத்தட்டில் இருக்கட்டும், மேலே ஏற்றினால் இலை ஓரம் தீப்பிடித்தது போலக் கருகும். ஓரத்தில் இடம் இருந்தால் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கை எண்ணெயும் உப்பும் புரட்டிப் போடுங்கள், கூடவே வெந்துவிடும்.

இந்த அளவு மீனுக்கு 30 நிமிஷம். பிறகு இலையைத் திறந்து, 220 டிகிரியில் மேல் கம்பி மட்டும் எரிய அஞ்சு நிமிஷம் வைத்தால் மேல்தோல் மொறுமொறுக்கும். துண்டு மீனாக இருந்தால் மொத்தமே 20 நிமிஷம் போதும். வெந்ததா என்று தெரிந்துகொள்ள, முதுகுத் துடுப்பு இருந்த இடத்தில் மிச்சமுள்ள முள் ஒன்றைப் பிடித்து இழுங்கள். தானாகக் கையோடு வந்தால் வெந்துவிட்டது. கீறலுக்குள் பார்த்தால் சதை கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாக, இதழ் இதழாக விலகும். நடுமுள் ஓரம் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் அஞ்சு நிமிஷம். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் தடித்த இடத்தில் 63 டிகிரி காட்ட வேண்டும். நல்ல தண்ணீர் மீனை அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது.

ஓவன் இல்லாத வீட்டில்

அடிகனமான இரும்புச் சட்டியிலோ பழைய அலுமினியக் குண்டாவிலோ ரெண்டு விரல்கடை உயரத்துக்கு ஆற்று மணலோ கல்லுப்போ பரப்புங்கள். மேலே ஓர் இரும்பு வளையம், மூடி போட்டுப் பத்து நிமிஷம் பெருந்தீயில் காய விடுங்கள். இலைப் பொதியைத் தட்டில் வைத்து வளையத்தின்மேல் இறக்கி, மூடியின்மேல் கனமாக ஏதாவது வைத்து, நடுத்தீயில் 40 நிமிஷம். பாதியில் ஒரு தரம் திருப்பிப் போடுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரம் இதற்கு ஆகாது. விறகடுப்பு இருந்தால் மூடியின்மேல் தணல் அள்ளிப் போடலாம், அந்தப் புகை வாசத்துக்கு எந்த ஓவனும் நிகரில்லை.

சாப்பிடும்போது

எடுத்ததும் இலையை மறுபடி மூடி, அஞ்சு நிமிஷம் பொதியைத் தொடாதீர்கள். பிறகு சாப்பிடுகிறவர்கள் முன்னால் வைத்துத் திறங்கள். முதல் ஆவியில் வாழையிலை வாசமும் மிளகும் சேர்ந்து வரும். அதற்காகவே பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். அரை மூடி எலுமிச்சம்பழத்தை அப்போது பிழியுங்கள், முன்பே பிழிய வேண்டாம். கரண்டி முனையால் முதுகோரம் ஒரு கோடு இழுத்து மேல்சதையை ஒரு பக்கமாகத் தள்ளினால் நடுமுள் முழுசாகத் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முள்ளும் தலையும் சேர்ந்து வந்துவிடும், அடிச்சதை அப்படியே இலையில் நிற்கும். கன்னத்துச் சதையை மீன் பிடித்த ஆளுக்குத்தான் எங்கள் வீட்டில் கொடுப்போம். போன டிசம்பரில் அது ஏழு வயதுப் பையனுக்குப் போனது. "நான் புடிச்சதுங்க அம்மா இது" என்று ஊரில் எல்லோரிடமும் பத்து நாள் சொன்னான்.

கூடச் சுடுசோறும் கொள்ளு ரசமும் போதும். இலையில் தேங்கின மசாலாச் சாறை முதலில் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரசத்துக்குப் போங்கள்.

மிஞ்சினால் சதையை உதிர்த்து முள் பார்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டுப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவினால் தோசைக்கு மீன் புட்டு. முள்ளையும் செதிலையும் கறிவேப்பிலைச் செடி அடியில் ஒரு முழ ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். மேலாகப் போட்டால் ராத்திரியே நாய் தோண்டிவிடும்.